சிவப்பு நூல் கட்டிய நுனி

ஜனவரி 6, திங்கள்

காயில் இரண்டு. வீணானது இல்லை.

இது பேரிங் கடைக்காரர் கொடுத்த போன வருட டைரி. கிழமை ஒத்துவராது, அடித்து எழுதிக்கொள்கிறேன். தினமும் எத்தனை காயில் சுத்தினேன், எத்தனை வீணானது என்று எழுதச் சொல்லி, மாடியில் ஸ்பீக்கர் பட்டறை நடத்துகிற மருமகள் வினோதினி கொடுத்தாள். "அஞ்சாவது படிச்சவ எழுத்து உனக்குப் புரியுமா அம்மிணி" என்றேன். "எழுத்து புரியும் அத்தை. நீங்க பேசறதுதான் சில நாள் புரியறதில்லீங்க" என்றாள். அப்படி ஒரு வாய். மகன் ஓசூரில் இருக்கிறான், பேத்தி சென்னையில் படிக்கிறாள், இந்த வாயை நான் ஒருத்தியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜனவரி 8, புதன்

காயில் ஒன்று. கம்பி ஒரு தடவை அறுந்தது. தலைமுடியை விட மெல்லிசு. குறை சொல்ல முடியாது.

ஜனவரி 9, வியாழன்

காயில் இரண்டு.

இன்று ஒரு டீச்சர் வந்தார். காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளி, எங்கள் ஏரியா கணபதியிலிருந்து அரை மணி நேரம். ஆண்டு விழாவுக்குப் பன்னிரண்டு பெண் பிள்ளைகள் ஆடப்போகிறார்களாம். காது கேட்காத பிள்ளை எப்படி ஆடும் என்று நான் வாய் திறந்து கேட்டுவிட்டேன். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. மரப்பலகை போட்ட தரையில் செருப்பில்லாமல் நிற்பார்களாம். பெரிய ஸ்பீக்கரைப் பலகையோடு சேர்த்து வைத்தால் ஒவ்வொரு அடியும் பாதத்தில் ஏறுமாம். ஆனால் இப்போது இருக்கிற பெட்டியில் அடி முடிந்த பிறகும் பலகை முனகிக்கொண்டே கிடக்கிறது, பிள்ளைகளுக்கு எண்ணிக்கை தவறிவிடுகிறது என்றார்.

"அடி நின்னா தானும் நிக்கிற பெட்டி வேணும்" என்றார்.

வினோதினி படித்த படிப்பே அதற்குத்தான். டீச்சர் போன பிறகு எங்களை உட்காரவைத்துச் சொன்னாள். "ஊஞ்சலத் தள்ளிவிட்டுட்டு நீங்க கைய எடுத்துட்டாலும் அது ஆடிட்டுத்தான இருக்கும்? ஊஃபர்ங்கிற பெரிய ஸ்பீக்கரோட தட்டும் அப்படித்தானுங்க அத்தை. பாட்டு நின்னாலும் தட்டு நிக்காது. அதுக்குத்தான் ஒரே உருளைல ரெண்டு காயில். தடிசு தட்டைத் தள்ளும். மெல்லிசு சும்மா கூடவே போய், தட்டு நெசமா எவ்வளவு நகர்ந்துச்சுன்னு, கரண்ட் குடுக்கற போர்டுகிட்டச் சொல்லும். போர்டு அதைப் பாட்டோட ஒத்துப் பார்க்கும். கூடப் போச்சுன்னா இழுக்கும், குறைஞ்சா தள்ளும்."

"அப்ப மெல்லிசு கோள் சொல்ற காயிலு" என்றேன்.

"ஆமாங்க. அதுக்கு அதுதான் வேலை. அது மாத்திச் சொல்லிச்சுன்னா பெட்டி செத்துரும்."

செலின் சிரித்தாள். எங்கள் பட்டறையில் சாலிடர் வைப்பது அவள்தான். வினோதினி யோசிக்கிறாள், நான் சுத்துகிறேன், செலின் இணைக்கிறாள், மூன்றே பேர். கோள் சொல்வதைப் பற்றிச் சிரிக்க அவளுக்கு எல்லாத் தகுதியும் உண்டு.

1996, ஆவணி, வெள்ளிக்கிழமை. நான் மோட்டார் கம்பெனியில் வைண்டிங் செக்‌ஷனில் இருபது வருடம் முடித்திருந்தேன். பொம்பளைகளுக்கு என்று ஒரு சூப்பர்வைசர் போடப்போகிறார்கள், அது நான்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது மோட்டாருக்குக் கம்பி சுத்தி முடித்த நாற்பத்தொரு ஸ்டேட்டர் டெஸ்டிங்கில் எரிந்தது. யார் சுத்தினது என்று ஃபோர்மேன் கேட்டதற்கு, வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆன இந்தச் செலின், மயில்கழுத்துக் கலர் தாவணி, கையை நீட்டி என்னைக் காட்டினாள். சூப்பர்வைசர் பேச்சு அத்தோடு நின்றது, கம்பிக்கு மாட்டுகிற ஸ்லீவ் வெட்டும் மேசையில் என்னை ஒரு வருடம் உட்காரவைத்தார்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் வினோதினி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவளை இங்கே வேலைக்குச் சேர்த்தபோது நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். காயில் இல்லை. செலின் கேக் கொண்டுவந்தாள். முட்டை போட்டதா என்று கேட்டேன். இல்லை அக்கா, உங்களுக்காகப் போடாததுதான் என்றாள். சாப்பிட்டேன்.

ஜனவரி 18, சனி

பள்ளிப் பெட்டி முடிந்தது. தட்டு மட்டும் பதினைந்து அங்குலம், எங்கள் வீட்டுச் சல்லடையை விடப் பெரிசு. வினோதினி போட்டுக் காட்டினாள். தும் என்று ஒன்று. அவ்வளவுதான், அடுத்த நொடி ஒன்றுமில்லை. யாரோ வாயைப் பொத்தினமாதிரி இருந்தது. பழைய பெட்டியையும் போட்டாள். அது தும்ம்ம் என்று இழுத்தது. எனக்கே வித்தியாசம் தெரிந்தது. அந்த மெல்லிசுக் காயில் நான் சுத்தியது.

ஜனவரி 21, செவ்வாய்

காயில் மூன்று. ஸ்பேர் ஊஃபருக்கு ஒன்று அதில் சேர்த்தி. அதைச் சுத்தி முடிக்கும்போது தண்ணீர் வந்துவிட்டது, பத்து நாள் கழித்து. ஓடிப்போய் எட்டுக் குடம், இரண்டு டிரம் பிடித்தேன். மேலே பட்டறைக்கு வந்து, எந்த நுனியை எங்கே இணைப்பது என்று செலினுக்குத் தெரிய சிவப்பு நூல் கட்டி வைத்தேன். இடுப்பு வலி.

ஜனவரி 24, வெள்ளி

என்ன எழுதுவது.

பள்ளிக்கு நானும் போயிருந்தேன். வேனில் கொண்டுபோகும்போதே பெட்டியிலிருந்த ஊஃபரில் ஏதோ ஆடியது. கழற்றிப் பார்த்தால் தட்டின் ஓரம் விட்டிருந்தது. ஸ்பேரைப் போடலாம் என்றாள் வினோதினி. மேடை ஓரத்தில் தரையில் உட்கார்ந்து செலின் சாலிடர் வைத்தாள். பிள்ளைகள் ஜரிகைப் பாவாடை கட்டிக்கொண்டு வரிசையாக நின்று, ஒருத்திக்கு ஒருத்தி கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். என் மூக்குத்தியைப் பார்த்து ஒருத்தி நன்றாக இருக்கிறது என்று கை காட்டினாள்.

வினோதினி சுவிட்சைப் போட்டாள். பாட்டே இன்னும் வரவில்லை. தட்டு தானாக உறுமிக்கொண்டு முன்னே பாய்ந்தது, டமார் என்று அடித்துக் கிழிந்தது, கருகின வாசனை. பலகை முழுக்கக் குலுங்கியது. பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் பாதத்தில் ஏறியிருக்கிறது. பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் பலகையை விட்டுக் குதித்து ஓடினார்கள். மூக்குத்தியைப் பார்த்த பிள்ளை அதன் பிறகு மேடைக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டாள்.

ஆட்டம் நடக்கவில்லை. வந்த பெற்றோர் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வரும் வழியில் வினோதினி ஒன்றே ஒன்று சொன்னாள். "மெல்லிசு தலைகீழா இருந்திருக்குது. கூடப் போனேன்னு சொல்ல வேண்டியது, குறைஞ்சு போனேன்னு சொல்லியிருக்குது. போர்டு இன்னும் தள்ளியிருக்குது." செலின் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 25, சனி

காயில் இல்லை.

காலையில் வினோதினியும் செலினும் பட்டறைக்கு வருமுன் மேலே போனேன். கிழிந்த ஊஃபர் மேசையில் கிடந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேசையைத் துடைத்தேன். கத்தரிக்கோலை அதன் இடத்தில் வைத்தேன். கீழே வந்து அடுப்பு பற்றவைத்து ஒரு துணுக்கு நூலை எரித்தேன். டீ போட்டேன்.

பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். வினோதினி காயிலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "செலின், சிவப்பு நூல் எங்க?" என்றாள்.

"நூல் இருந்துச்சுங்க. அதைப் பார்த்துத்தான வச்சேன்."

"இதுல நூலே இல்லியே."

"இருந்துச்சுங்க மேடம்."

"நூல் கட்டாத நுனிய நீ எதை வச்சு இணைச்ச? தோணின பக்கம் வச்சுட்டியா?"

செலின் குனிந்து பார்த்தாள். இரண்டு நுனியையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "இருந்துச்சே" என்று அவளுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

வினோதினி என்னிடம் திரும்பி, "அத்தை, நீங்க கட்டுனீங்கதான?" என்றாள்.

கட்டினேன் என்றேன். அது பொய்யில்லை.

"கொஞ்ச நாள் வீட்ல இரு செலின். நான் கூப்பிடறேன்" என்றாள் வினோதினி. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு செலின் படியிறங்கினாள்.

ஜனவரி 27, திங்கள்

காயில் ஒன்று. பிரித்துவிட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

பள்ளியில் இன்னொரு நாள் கொடுத்திருக்கிறார்கள், பிப்ரவரி 14. வினோதினி தானே சாலிடர் வைக்கப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டாள். பல் தேய்க்கிற பேஸ்ட் தடவிவிட்டேன். "செலின் இப்படிப் பண்ணுவான்னு நினைக்கலீங்க அத்தை. தப்பு வர்றது வரட்டும். இருந்துச்சுன்னு சாதிச்சா பாருங்க, அதத்தான் தாங்க முடியல" என்றாள். பேஸ்ட் தீர்ந்துவிட்டது என்று எழுந்தேன். டியூப் பாதி இருந்தது.

ஜனவரி 30, வியாழன்

வினோதினி இந்த டைரியில் எண்ணிக்கையை மட்டும்தான் பார்க்கிறாள், பக்கம் முழுக்கப் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

மோட்டார் கம்பெனியில் முடிகிற நுனியில்தான் நூல் கட்டுவோம். கம்பியை வெட்டினதும் கையில் நிற்கிற நுனி, அதிலேயே கட்டிவிட்டு அடுத்ததற்குப் போவோம். முப்பத்தெட்டு வருடம் அப்படிக் கட்டினேன். இங்கே தொடங்குகிற நுனியில் கட்ட வேண்டும் என்று வினோதினி சொன்னதும் மாற்றிக்கொண்டேன். எட்டு வருடத்தில் ஒன்றுகூடத் தவறவில்லை. அன்று தண்ணீர் பிடித்துவிட்டு ஈரக்கையோடு வந்து உட்கார்ந்தவள், மனசு டிரம்மில் இருந்தது, கை பழைய இடத்துக்குப் போய்விட்டது. பூதக்கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்தது. நூல் கட்டியிருந்த நுனி மேலிருந்து வருகிறது. தொடக்கம் அடியிலிருந்து அல்லவா வர வேண்டும். செலின் நூலைப் பார்த்துச் சரியாகத்தான் வைத்திருக்கிறாள்.

அந்த நூலை நான் வெட்டினேன்.

கிழவிக்குக் கை தவறும், அதில் என்ன இருக்கிறது. வினோதினியிடம் சொல்லியிருந்தால், விடுங்க அத்தை என்றிருப்பாள். ஏன் வெட்டினேன் என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயத்தில் என்று எழுத வந்தேன். அது பாதிதான். கத்தரிக்கோலை எடுக்கும்போது எனக்கு அந்த மயில்கழுத்துத் தாவணி ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

காயில் ஒன்று. வீணானது மூன்று.

பிப்ரவரி 5, புதன்

எழுதாமல் விட்டால் மனசு ஆறமாட்டேன் என்கிறது. 1996இல் எரிந்த அந்த நாற்பத்தொரு ஸ்டேட்டரும் நான் சுத்தியவைதான். அந்த வாரம் எண்ணிக்கை குறைந்தால் சூப்பர்வைசர் பேச்சு அடிபட்டுப்போகும் என்று, ஒவ்வொன்றிலும் எட்டுச் சுத்துக் குறைத்தேன். பக்கத்து மேசையில் உட்கார்ந்து செலின் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளாகப் போய்ச் சொல்லவில்லை. ஃபோர்மேன் அவளை எழுப்பி நிற்கவைத்து, நீ சுத்தினதா என்று கேட்டார். பத்தொன்பது வயசுப் பிள்ளை, இல்லை, அக்கா சுத்தினது என்றாள். வேறு என்ன சொல்வாள். நான் அவளை இருபத்தெட்டு வருடமாகக் கோள்காரி என்று சொல்லி வருகிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

செலின் வீட்டுக்குப் போனேன். வினோதினியிடம் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இரண்டு பஸ்.

வாசலில் முறத்தை வைத்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஹோட்டலுக்குக் கிலோக்கணக்கில் உரித்துக் கொடுக்கிறாளாம். என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கக்கா. இத்தனை வெயில்ல எதுக்கு வந்தீங்க? போன் பண்ணா நான் வந்திருப்பனே."

மோர் கொடுத்தாள். குடித்தேன். வெங்காயக் கண்ணெரிச்சல் என்று இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பள்ளிக்கு மறுபடி நாள் கொடுத்துவிட்டார்களா என்று அவள்தான் கேட்டாள். பிள்ளைகள் பலகைமேல் ஏறுகிறார்களா என்று கேட்டாள். நான் வந்த காரியத்தை விட்டுவிட்டு, வெங்காயம் என்ன விலை என்று கேட்டேன்.

அவள் உரித்துக்கொண்டே சொன்னாள். "தப்பு என்னோடதுதானுங்க்கா. அன்னைக்கு அங்க உக்காந்து மீட்டர் வச்சுப் பார்த்தேன். ஒரு பேட்டரிய தடிசுல தொட்டா, மெல்லிசுல முள்ளு வலதுபக்கம் எகிறணும். இடதுபக்கம் எகிறுச்சு. எகிறுனத இந்தக் கண்ணால பார்த்தனுங்க்கா."

"பார்த்துட்டு ஏன் வச்ச?"

"நீங்க கட்டுன நூலாச்சே. எட்டு வருசமா ஒண்ணு தப்புனதில்ல. பிள்ளைக வேற வரிசைல நிக்குது. நாந்தான் மீட்டரோட கம்பிய மாத்திப் புடிச்சுட்டனாட்டம் இருக்குதுன்னு, மீட்டர மாத்திப் புடிச்சுப் பார்த்துட்டு, சரி, இப்ப வலது பக்கம் எகிறுதுன்னு வச்சுட்டேன்."

என் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தேன்.

"அதக்கூட விடுங்க" என்றாள். "எனக்கு இப்ப வேற பயம். நூலப் பார்த்தேன், அது இன்னும் என் கண்ணுல நிக்குது. ஆனா மேசைல வச்சுப் பார்த்தா இல்ல. இல்லாததை எப்படிங்க்கா நான் பார்த்தேன்? ராத்திரி எல்லாம் அதேதான். எங்கம்மாவுக்குக் கடைசில இப்படித்தான், இல்லாததெல்லாம் இருக்குதும்பாங்க. வெங்காயம் உரிக்கறதுக்கு நூல் பார்க்க வேண்டாம், அதான் இதுக்கு ஒத்துக்கிட்டேன். இனிமே சாலிடர எடுக்கறதா இல்லீங்க."

அவளுக்கு நாற்பத்தேழு வயது. தாயாரைப் போலத் தனக்கும் புத்தி போகிறது என்று முடிவு பண்ணிவிட்டு வெங்காயத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"நூல் இருந்துச்சு செலின்" என்றேன். "முடிவு நுனில கட்டிட்டேன், பழைய கம்பெனி பழக்கம். நீ பார்த்தது நெசம். மறுநா காலைல நாந்தான் வெட்டுனேன்."

அவள் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். இன்னொன்று எடுத்தாள். அதையும் முழுக்க உரித்தாள்.

"அப்ப எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். அவள் கேட்டது வேறு. "மேடத்துகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

நான் சொல்கிறேன் என்றேன்.

"எப்ப?"

"இன்னைக்கு."

பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டாள். பை கனமாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டாள்.

அதே நாள், மாலை

சொல்லிவிட்டேன். சமையல்கட்டில் நின்றுகொண்டே சொன்னேன். ஸ்டேட்டர் நாற்பத்தொன்றையும் சேர்த்து. அதை யாரும் கேட்கவில்லை.

வினோதினி குக்கரை இறக்கி வைத்தாள். பிறகு, "காயில் தப்பானதுக்கு நான் உங்களை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன் அத்தை" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

தெரிந்துதான் என்றேன்.

சாப்பாடு போட்டாள். எனக்குப் பிடித்த கொள்ளு ரசம். போட்டுவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 8, சனி

வினோதினி நேரில் போய்ச் செலினைக் கூட்டிவந்தாள். மன்னிப்புக் கேட்டாளாம், செலின் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று பேரும் பட்டறையில் உட்கார்ந்தோம். நான் என் சுத்துகிற மெஷின்மேல் உறை போட்டு வைத்திருந்தேன்.

வினோதினி என்னைப் பார்த்துப் பேசவில்லை. "இனி மெல்லிசுக் காயில் வெளில குடுத்துச் சுத்திக்கலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்ற செலின்?" என்றாள்.

என்னிடம் கேட்டிருந்தால் வெளியே கொடு என்றுதான் சொல்லியிருப்பேன். ரோஷம். அது இன்னும் மிச்சம் இருக்கிறது.

செலின் மெஷினின் உறையைப் பார்த்தாள். "வெளில இந்த நேர்த்தி வராதுங்க மேடம். பதினாலாந் தேதிக்கும் ஆகாது. அக்காவே சுத்தட்டும்" என்றாள்.

"நூல் மட்டும் நான் கட்டிக்கறேன்" என்றாள்.

மேசையில் என் பக்கம் இருந்த சிவப்பு நூல்கண்டை எடுத்துத் தன் டப்பாவில் போட்டுக்கொண்டாள். கோபமாக இல்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிற மாதிரி எடுத்தாள். வினோதினி சரி என்றாள். நான் உறையைக் கழற்றினேன்.

பிப்ரவரி 10, திங்கள்

காயில் இரண்டு. வீணானது இல்லை. செலின் மீட்டர் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் முள் வலதுபக்கம். இரண்டு தடவை பார்த்தாள். முன்பெல்லாம் ஒரு தடவைதான் பார்ப்பாள்.

பிப்ரவரி 12, புதன்

புது ஊஃபர் முடிந்தது. வினோதினி என்னிடம் இன்று பேசினாள். அத்தை, தண்ணி வருது என்றாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் பள்ளிக்குக் கிளம்பினார்கள். நீங்களும் வாங்க என்றாள் வினோதினி. செலினும் வேனில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் அன்றைக்கு நடந்தது ஞாபகம் வரும் என்று சொல்லி நின்றுவிட்டேன். அந்தக் காயிலைச் சுத்தியது நான் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்குத்தான் அந்தப் பலகைமேல் நிற்க முடியாது.

பன்னிரண்டு மணிக்கு வினோதினி போன் பண்ணினாள். "நடக்குதுங்க அத்தை, பதினோரு பிள்ளைக ஆடுது, கேளுங்க" என்று போனைப் பலகை பக்கம் பிடித்தாள் போல. எனக்குக் கரகர என்றுதான் கேட்டது. பன்னிரண்டாவது பிள்ளை என்று கேட்டேன். கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறாள், காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றாள். யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றேன். இல்லை, யாரும் கூப்பிடவில்லை என்றாள்.

மத்தியானம் ஒரு ஸ்பேர் காயில் சுத்தினேன். நூற்றிருபது சுத்து, எண்ணி முடித்தேன். இரண்டு நுனியையும் வெறுமையாக விட்டு மேசையில் வைத்திருக்கிறேன். செலின் வந்து கட்டுவாள்.